காற்றாலையா, சோலாரா? ராமநாதபுரம் கடற்கரையில் எது?

காற்று: ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில்தான் நல்ல உற்பத்தி. வேகம் 10 சதவீதம் குறைந்தாலே காற்றின் ஆற்றல் சுமார் 27 சதவீதம் சரியும். இந்தியப் பெருங்கடல் சூடாகி, நிலத்துக்கும் கடலுக்குமான வெப்ப வேறுபாடு சுருங்கினால் பருவக்காற்று தளரும். 20 வருஷ முதலீட்டில் என் பெரிய கவலை இதுதான்.
சோலார்: ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் குறையும், மற்றபடி நிலையானது. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் நிலையமே வந்துவிட்டது.

பராமரிப்பு: உப்புக்காற்று இரண்டையும் அரிக்கும். காற்றாலைக்கு உயரத்தில் ஏற வேண்டும். சோலார் தகட்டைக் கழுவத் தண்ணீர் வேண்டும், அது இங்கே அரிது.

நிலம்: காற்றாலைக்கு அடியில் ஆடு மேய்க்கலாம்.

சரி, யாருக்கு எது? வீட்டுக்கும் கடைக்கும் சோலார். இரவிலும் மின்சாரம் தேவைப்படும் பெரிய திட்டத்துக்குக் காற்றையும் சேர்க்கலாம். பழைய காற்று அளவீட்டை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.