கேஸ் ஃபயர்பிளேஸ் பொருத்தப் போகிறீர்களா? சி.ஓ.சி. சான்றிதழின் போட்டோவை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

ஜோகன்னஸ்பர்க், மிட்ராண்ட், சென்ச்சூரியன் பக்கம் நம் ஆட்கள் பலர் மின்வெட்டுத் தொல்லை தாங்காமல் கேஸுக்கு மாறியிருக்கிறீர்கள். ஜூன், ஜூலைக் குளிருக்கு ஹாலில் கேஸ் ஃபயர்பிளேஸ் வைக்கும் யோசனை இருந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் ஆளைக் கூப்பிடுங்கள்.

போன குளிர்காலத்துக்கு முன் மிட்ராண்டில் எங்கள் வீட்டில் ஒன்று பொருத்தினோம். விலை பேசும்போதே சி.ஓ.சி., அதாவது கேஸ் இணைப்பு விதிப்படி பாதுகாப்பாக இருக்கிறது என்ற சான்றிதழ், வேண்டும் என்று சொல்லி, அதையும் சேர்த்துத்தான் 42,000 ராண்டுக்கு முடித்தோம். வீட்டில் நிலையாகப் போடும் கேஸ் இணைப்புக்கு இந்தச் சான்றிதழ் இருந்தே ஆக வேண்டும் என்பது 2009 முதல் இங்கே சட்டம். வேலை முடிந்தது, தீ அழகாக எரிந்தது, மீதிப் பணமும் கைமாறியது. சான்றிதழ் மட்டும் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று இழுத்தடித்து, கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவாக வந்து சேர்ந்தது.

முதலில் கண்டுபிடித்தது ஊரிலிருந்து வந்திருந்த அம்மா. தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், "தம்பி, இங்க கேஸ் வாடை அடிக்குதுப்பா" என்றார். நின்றுகொண்டிருந்த எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். கான்ட்ராக்டருக்குப் போன் போட்டால், "புது ஃபயர்பிளேஸில் கொஞ்ச நாள் பெயின்ட் வாடை இருக்கும்" என்கிறார். பெயின்ட் வாடை எரியும்போது வருவது. இது அணைத்து வைத்திருக்கும்போது வந்தது. அதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார்.

சிலிண்டரை மூடிவிட்டு, கேஸ் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் எஸ்.ஏ.கியூ.சி.சி. கேஸ் அமைப்பில் பதிவு பெற்ற வேறொருவரை வரவழைத்தோம். வாசலிலேயே தன் படம் போட்ட அட்டையைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார். சுவரோரம் இருந்த இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினார். சின்னச் சின்னக் குமிழிகள் விடாமல் பொங்கி வந்தன. சுவருக்குள் காப்பர் பைப் போட்டிருக்க வேண்டும். இவர்களோ அடுப்புக்குப் போடும் ஆரஞ்சு ட்யூபையே துளை வழியாகச் செருகி, மேலே சிமென்ட் பூசி மறைத்திருக்கிறார்கள். அந்த ட்யூப் 2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, சுவரைத் தாண்டவும் கூடாது. வெளியே 48 கிலோ சிலிண்டர் சாக்கடைத் துளையை ஒட்டியே நின்றது. குறைந்தது 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டியது.

இதைவிடப் பெரிய ஆபத்து கூரைக்குள் இருந்தது. டார்ச்சோடு மேலே ஏறியவர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். புகைக்குழாய் கூரை உத்தரத்தில் உரசிக்கொண்டு போகிறது. தொட்ட இடத்தில் மரம் காப்பிக்கொட்டை நிறத்துக்குக் கருகியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. தொடர்ந்து சூடுபட்ட மரம் வரவரக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும் என்றார். அதன் நேர் கீழே உள்ள அறையில்தான் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

அப்புறம் அந்தச் சான்றிதழ். அதிலிருந்த பதிவு எண்ணைச் சரிபார்த்தோம். எண் உண்மையானது, ஆனால் வேறொருவருடையது. அவரிடம் பேசினோம், எங்கள் வீட்டுப் பக்கமே அவர் வந்ததில்லை, கையெழுத்தும் அவருடையது இல்லை. இந்த நிலையில் வீடு எரிந்திருந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் சல்லிக்காசு தராமல் மறுத்திருக்கலாம்.

பைப்பையும் புகைக்குழாயையும் மாற்றிப் போட 19,000 ராண்ட் ஆனது. பழைய கான்ட்ராக்டர் எங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டார். புகார் கொடுத்திருக்கிறோம், பணம் வருமா என்பது சந்தேகம்தான்.

நீங்கள் வேலை கொடுத்தால், குழாயில் கை வைக்கும் ஆளிடமே அட்டையைக் கேளுங்கள். முதலாளியின் அட்டை போதாது. எண், காலாவதித் தேதி, எந்த வகை கேஸ் வேலைக்கு அனுமதி என்பதை முன்கூட்டியே சரிபாருங்கள். பைப்பில் அழுத்தம் ஏற்றிக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் அழுத்தச் சோதனையை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். சுவரை மூடுவதற்குமுன் பைப்பையும், கூரைக்குள் புகைக்குழாயையும் போட்டோ எடுத்து வையுங்கள். சான்றிதழின் அசல் கைக்கு வரும்வரை கணிசமான ஒரு தொகையைப் பிடித்து வையுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவர் நமக்கு வேண்டாம்.

ஏற்கெனவே பொருத்தியவர்கள், முக்கியமாக சான்றிதழ் வாட்ஸ்அப்பில் மட்டும் வந்தவர்கள், இன்றைக்கே சிலிண்டரை மூடிவிட்டுப் பதிவு பெற்ற ஒருவரை அழைத்துக் கூரைக்குள் பார்க்கச் சொல்லுங்கள்.