புகைவாயு அனலைசர்: உமிப் பொய்லருக்கும் ஹோட்டல் பர்னருக்கும் ஒன்றே போதுமா?

சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்து அரிசி ஆலைகளில் உமிப் பொய்லர், பாசிக்குடா, அறுகம்பை ஹோட்டல்களில் டீசலிலோ காஸிலோ ஓடும் சுடுநீர்ப் பொய்லர், இடையிடையே பேக்கரிப் போறணை. மட்டக்களப்பு, அம்பாறையில் தனியாகப் பொய்லர் வேலை செய்பவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இவைதான். இவற்றில் எது அதிகம் வருகிறது என்று பார்த்துத்தான், புகையில் உள்ள வாயுக்களை அளந்து எரிவது சரியா என்று காட்டும் அனலைசரை வாங்க வேண்டும். குளிர் நாட்டு வீட்டுக் காஸ் பொய்லருக்கென்று செய்த சின்னக் கருவிக்கு உமிப் புகை ஒத்துவராது.

சிக்கல் காபனோரொட்சைட்டு சென்சரில்தான். சாதாரண மாதிரிகளின் எல்லை 4000 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 4000 பங்கு) அளவில் நிற்கும். மண்வெட்டியால் உமி அள்ளிப் போட்ட கையோடு அளந்தால் அந்த எல்லையை இலகுவில் தாண்டிவிடும். தாண்டினால் சென்சரின் செல் திணறிப்போகும், பழைய நிலைக்கு வர நேரம் எடுக்கும். அடுத்த வேலையில் ஒழுங்காக எரியும் காஸ் பர்னரிலும் 30, 40 என்று பொய் சொல்லும். ஆகவே எல்லை தாண்டும்போது பம்பைத் தானாக நிறுத்தும், அல்லது சுத்தக் காற்றைக் கலந்து ஐதாக்கி அளக்கும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ஆலை வேலை அதிகமென்றால் மேலதிகக் காசை இதற்குக் கொடுக்கலாம், வண்ணத் திரைக்கும் புளூடூத்துக்கும் வேண்டாம்.

கையால் உமி போடும் அடுப்பில் ஒரு வாசிப்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒருமுறை போட்டதிலிருந்து மறுமுறை போடும்வரை பதிந்து சராசரி எடுக்க வேண்டும். ஒட்சிசன் 10% இருக்கும்போது 3000 பிபிஎம் வந்தால், மிகைக் காற்றைக் கழித்த உண்மை அளவு கிட்டத்தட்ட 5750. அடுப்புக் கதவு இடுக்காலோ புகைக்குழாய் மூட்டாலோ காற்று உள்ளே போனாலும் ஒட்சிசன் ஏறும். காற்றுத் தட்டைக் குறைப்பதற்கு முன் அந்த ஓட்டைகளை அடையுங்கள்.

பெரும்பாலான கருவிகள் காபனீரொட்சைட்டை அளப்பதில்லை. ஒட்சிசனையும் நாம் மெனுவில் தெரிவுசெய்த எரிபொருளையும் வைத்துக் கணக்குப் போடுகின்றன. ஒட்சிசன் 5% என்றால் டீசலுக்கு 11.7% காட்டும். மெனு இயற்கை வாயுவில் நின்றால் அதே புகைக்கு 9% காட்டும். மெனுவில் டீசல், எல்பி காஸ், விறகு மூன்றும் இருக்க வேண்டும். உமி இல்லாவிட்டால் விறகைத் தெரிவுசெய்யலாம். வினைத்திறன் எண்தான் கொஞ்சம் தள்ளும், ஒட்சிசனும் காபனோரொட்சைட்டும் சரியாகவே வரும்.

டீசல் பர்னரில் முதலில் கைப்பம்பால் பத்து இழுவை இழுத்து புகைக்கறைத் தாளைப் பாருங்கள். கறை எண் (0 வெள்ளை, 9 கறுப்பு) 1-க்கு மேல் இருந்தால் நொசிலையும் காற்றையும் சரிசெய்த பிறகே புகையை உறிஞ்சும் குழாயான புரோப்பை உள்ளே விடுங்கள், இல்லாவிட்டால் புகைக்கரி முழுக்க பில்டருக்குள். புகை 230 பாகை, அறை 32 பாகை, ஒட்சிசன் 9% என்றால் புகையோடு போகும் வெப்பம் 12.6%. ஒட்சிசனை 5%-க்குக் கொண்டுவந்தால், வெப்பநிலை மாறாவிட்டாலும் 9.8%. ஹோட்டல் முகாமையாளருக்கு விளங்குவது இந்த இரண்டு எண்களும்தான்.

கருவியைப் போட்டதும் சுத்தக் காற்றில் பூச்சியம் பிடிப்பதிலேயே நிறையப் பிழை வருகிறது. பொய்லர் அறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் கருவியைப் போடுங்கள். ஒட்சிசன் 20.9 காட்டவேண்டும். சில மாதிரிகள் அந்த நேரம் புரோப்பின் வெப்பநிலையையே அறைக்காற்றின் வெப்பநிலையாக எடுத்துக்கொள்ளும். முந்தைய வேலைச் சூடு ஆறாமல் 60 பாகையில் பூச்சியம் பிடித்தால், மேலே சொன்ன 9.8% இழப்பு 8.4% ஆகிவிடும். பொய்லர் திடீரென்று நல்லதாகிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம்.

உமிச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. மெல்லிய தூள், பில்டரைக் கெதியாக அடைத்துவிடும், புகையின் ஈரத்தைப் பிடித்து வைக்கும் தண்ணீர்ப் பொறியின் ஈரத்தோடு சேர்ந்தால் களியாகிவிடும். உமி வேலைக்கு மேலதிக பில்டர்களைப் பையில் வைத்திருங்கள். புரோப் நுனியை விரலால் அடைத்தால் பம்ப் திணறி எச்சரிக்கை தரவேண்டும். தராவிட்டால் குழாயிலோ பொறியின் றப்பர் வளையத்திலோ கசிவு. வேலை முடிந்ததும் நிறுத்தாமல், காபனோரொட்சைட்டு பூச்சியத்துக்கு வரும்வரை வெளிக்காற்றில் ஓடவிட்டு, பொறியை வெறுமையாக்கிய பிறகே மூடுங்கள்.

இனி லண்டனில் இருந்து உறவினர் அனுப்பும் பழைய கருவிகள். கேன், டெஸ்டோ ஆகிய இரண்டு நிறுவனங்களின் கருவிகளும் அங்கே நிறையப் புழக்கத்தில் உள்ளவை, கருவியில் குறை இல்லை. ஆனால் சாதாரண ஒட்சிசன் செல் பாவிக்காமல் பெட்டியில் கிடந்தாலும் தேயும், ஆயுள் இரண்டு மூன்று வருடம். நீண்ட ஆயுள் செல் உள்ள மாதிரிகளும் உண்டு, விலை கூட. செல்லை நாமே கழற்றி மாற்றலாமா, கொழும்பில் முகவர் இருக்கிறாரா, அளவுத்திருத்தச் சான்றிதழுக்குக் கருவி நாட்டைவிட்டுப் போகவேண்டுமா என்று விசாரிக்காமல் காசு கொடுக்காதீர்கள். ஒட்சிசன், காபனோரொட்சைட்டு இரண்டு செல்லும் முடிந்த கருவியை மலிவாக எடுத்தால் கடைசியில் புதியதன் விலைக்கே வந்து நிற்கும்.

வருடாந்த அளவுத்திருத்தத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் அனுப்புவது நல்லது. பாசிக்குடாவில் ஆட்கள் குறைவு, பெரும்போக நெல்லும் ஆலைக்கு வரத் தொடங்கியிராது.