டர்போ கிளட்ச், என்.ஏ. கிளட்ச்: காலுக்கும் கைக்கும் உண்மையில் எங்கே வித்தியாசம்?

டர்போ ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கிளட்ச் கனமாக இருக்கும், கியர் லீவர் முரண்டு பிடிக்கும். டர்போ இல்லாத என்.ஏ. கார் என்றால் எல்லாம் லேசாக, வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இருக்கும். கார் பிரியர்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. இதில் பாதிதான் சரி. பெடலின் கனத்தை முடிவு செய்வது டார்க், அதாவது இன்ஜின் தரும் முறுக்கு விசை. லீவரின் துல்லியத்தை முடிவு செய்வது, கியர்பாக்ஸ் காரில் எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது. டர்போ தன் முத்திரையைப் பதிப்பது மூன்றாவது ஓர் இடத்தில்: ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதற்கும் சக்கரத்துக்கு விசை வந்து சேர்வதற்கும் நடுவே இருக்கும் நேரத்தில். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் இரண்டு கார்களை ஒப்பிட்டால், குற்றம் தவறான பாகத்தின் மேல் விழும்.

பெடல் ஏன் கனக்கிறது?

ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க்கைத் தாங்கும் என்பது நான்கு எண்களின் பெருக்கல்: லைனிங்கின் (டிஸ்க்கின் உராயும் மேற்பரப்பின்) உராய்வுக் குணகம், பிரஷர் பிளேட் டிஸ்க்கை அழுத்தும் விசை, டிஸ்க்கின் சராசரி ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை. உதாரணத்துக்கு உராய்வு 0.3, ஆரம் 95 மில்லிமீட்டர், ஒரே டிஸ்க் என்பதால் பரப்புகள் 2 என்று வைத்துக்கொள்வோம். 205 நியூட்டன் மீட்டர் தரும் 2.0 லிட்டர் என்.ஏ. இன்ஜினுக்கு, 1.4 மடங்கு பாதுகாப்பு வைத்தால், பிரஷர் பிளேட் சுமார் 5,000 நியூட்டன் விசையில் அழுத்த வேண்டும். 420 நியூட்டன் மீட்டர் தரும் டர்போவுக்கு அதே அளவு டிஸ்க்கைப் போட்டால் 10,300 நியூட்டன் தேவை. அந்த ஸ்பிரிங்கை ஒவ்வொரு முறையும் விலக்குவது உங்கள் இடது கால்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. ஹோண்டா சிவிக் டைப் ஆர் வரிசையில் எஃப்.டி.2 தலைமுறையின் 2.0 லிட்டர் என்.ஏ. இன்ஜின் 215 நியூட்டன் மீட்டர் தந்தது, எஃப்.கே.8-இன் 2.0 லிட்டர் டர்போ 400 தருகிறது. கொள்ளளவு ஒன்றுதான், கிளட்ச்சின் வேலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

தயாரிப்பாளர்கள் இந்தச் சுமையை அப்படியே காலில் இறக்கிவிடுவதில்லை. அவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பெடல் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் கிளட்ச் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்கும் உள்ள விகிதத்தை மாற்றுவது. கால் விசை குறையும். ஆனால் அதே விலக்கத்துக்குப் பெடல் அதிக தூரம் பயணிக்க வேண்டும். இரண்டாவது, பெடலில் ஓர் உதவி ஸ்பிரிங் வைப்பது. பாதி தூரம் தாண்டியதும் பெடல் தானே கீழே இறங்குவது போல உணர்ந்தால் அது இந்த ஸ்பிரிங்கின் வேலை. கனம் குறைகிறது, கூடவே கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் காட்டும் செய்தியும் மங்கிப்போகிறது. என்.ஏ. காரான சுபாரு பி.ஆர்.இசட்., டொயோட்டா 86 ஜோடியிலும் இந்த ஸ்பிரிங் உண்டு. அதைக் கழற்றி வேறு ஸ்பிரிங் போடுவோர் நிறைய. ஆக, மரத்துப்போன பெடலுக்கு டர்போவைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது வழி, இரண்டு டிஸ்க் போடுவது. உராயும் பரப்பு நான்காகிறது. மேலே சொன்ன 10,300 நியூட்டன் 5,150 ஆக இறங்கி, என்.ஏ. காரின் கனத்துக்கே வந்துவிடுகிறது. போர்ஷே 911 கரேரா எஸ் 991.2 தலைமுறையில் 3.8 லிட்டர் என்.ஏ.விலிருந்து 3.0 லிட்டர் டர்போவுக்கு மாறியபோது டார்க் 440-லிருந்து 500 நியூட்டன் மீட்டருக்கு ஏறியது. மேனுவல் பெட்டிக்கு இரட்டை டிஸ்க் கிளட்ச் வந்தது. ஆனால் இரட்டை டிஸ்க்குக்கும் ஒரு விலை உண்டு. நான்கு பரப்புகளும் முழுதாக விலக வேண்டும். நடுவில் இருக்கும் தட்டு ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டால் பெடலை அடிவரை மிதித்தாலும் கிளட்ச் இழுத்துக்கொண்டே இருக்கும், ரிவர்ஸ் போடும்போது 'கர்ர்' என்று கேட்கும்.

பழைய காரை ஓட்டிப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லைனிங் தேயத் தேய, பிரஷர் பிளேட்டை அழுத்தும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் நிலை மாறும், பெடல் கனமாகும். தேய்மானத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வகை கிளட்ச்சில் மட்டும் இது தெரியாது. தேய்ந்துபோன என்.ஏ. கிளட்ச் ஒன்று, புதிய டர்போ கிளட்ச்சைவிடக் காலை அதிகம் வாட்டலாம்.

420-க்கு 420

டர்போவின் சொந்த முத்திரையைத் தனியாகப் பார்க்க ஓர் அருமையான ஜோடி இருக்கிறது. போர்ஷே 718 கேமன் எஸ்: 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ, 420 நியூட்டன் மீட்டர், 1,900 முதல் 4,500 ஆர்.பி.எம். வரை. 718 கேமன் ஜிடி4: 4.0 லிட்டர், ஆறு சிலிண்டர், என்.ஏ., அதே 420 நியூட்டன் மீட்டர், 5,000 முதல் 6,800 ஆர்.பி.எம். வரை. கிளட்ச் தாங்க வேண்டிய உச்ச டார்க் ஒன்றே. ஓட்டுகிற விதமோ வேறு வேறு.

ஒரு கியர் மாற்றத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். டர்போவில் காலை எடுத்ததும் த்ராட்டில் மூடுகிறது, பைபாஸ் வால்வு திறந்து அழுத்தக் காற்றை வெளியேற்றுகிறது, டர்போவைச் சுழற்றும் டர்பைனின் வேகம் குறையத் தொடங்குகிறது. அடுத்த கியர் விழுந்து, கிளட்ச்சை விட்டு, மீண்டும் மிதிக்கும்போது முதலில் கிடைப்பது பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) இல்லாத டார்க். முழு டார்க் அதற்குப் பின்னால் வருகிறது. அதற்குள் கிளட்ச் முழுதாகப் பிடித்துவிட்டிருக்கும். தாமதமாக வரும் அந்தத் தள்ளலை வழுக்கி விழுங்க எதுவும் இல்லை. கார் ஒரு கணம் தயங்கி, பிறகு முதுகில் அறைந்தது போலப் பாய்கிறது. பலர் இதைக் 'கிளட்ச் சரியில்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். கிளட்ச் ஒரு தவறும் செய்யவில்லை.

இதற்கு மருந்து வலது காலில் இருக்கிறது. கிளட்ச்சை விடும்போதே ஆக்ஸிலரேட்டரைப் பாதி வரை கொண்டுவந்து, கிளட்ச் முழுதாக மேலே வந்தபின் மீதியைக் கொடுங்கள். மேலும் சிவப்புக் கோடு வரை இழுக்காதீர்கள். பெரும்பாலான டர்போ இன்ஜின்களில் மேலே போகப் போக டார்க் சரியும். கொஞ்சம் முன்னதாக மாற்றினால் அடுத்த கியரில் நேராக டார்க் மேட்டின் நடுவில் இறங்கலாம். 2008-இல் வந்த ஷெவர்லே கோபால்ட் எஸ்.எஸ். டர்போவில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலேயே கியர் மாற்றும் வசதியை மென்பொருளில் கொடுத்திருந்தார்கள். டர்பைன் வேகம் விழாமல் காப்பதே அதன் நோக்கம்.

என்.ஏ.வில் இந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. கால் எவ்வளவோ அவ்வளவு டார்க், அந்த நொடியே. அதனால் கிளட்ச் விடும் வேகத்தையும் ஆக்ஸிலரேட்டரையும் பொருத்துவது சில நாளில் கைவந்துவிடும். கியரைக் குறைக்கும்போது ஹீல் அண்ட் டோ செய்து (பிரேக்கை மிதித்தபடியே அதே காலால் ஆக்ஸிலரேட்டரையும் தட்டி) ஆர்.பி.எம்.மை ஏற்றுவதும் சுலபம். என்.ஏ.வின் உண்மையான சொத்து இந்த உடனடித்தன்மைதான்; லேசான பெடல் அல்ல.

நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது கணக்கு கொஞ்சம் மாறுகிறது. 1,500 ஆர்.பி.எம்.முக்குக் கீழே டர்போ இன்ஜின் என்பது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் விகிதம்) குறைந்த ஒரு சாதாரண இன்ஜின்தான். சுபாருவின் 2.4 லிட்டர் எஃப்.ஏ.24 இன்ஜின், பி.ஆர்.இசட்.டில் என்.ஏ.வாக 12.5-க்கு 1 கம்ப்ரஷனில் ஓடுகிறது, டபிள்யூ.ஆர்.எக்ஸில் டர்போவோடு 10.6-க்கு 1. ஐடிலிங் வேகத்தில் கிளட்ச்சை விட்டுக் கிளப்பும்போது இந்த வித்தியாசம் காலில் தெரியும். டர்போ காரை 1,500 முதல் 1,800 ஆர்.பி.எம்.மில் பிடித்து, பூஸ்ட் ஏறுவதற்குள் கிளட்ச்சை முழுதாக விட்டுவிடுங்கள். பாதிக் கிளட்ச்சில் இருக்கும்போது பூஸ்ட் ஏறினால் லைனிங் கருகும் வாடை வரும். அதற்காக என்.ஏ. எப்போதும் சுலபம் என்றும் சொல்ல முடியாது. மேல் ஆர்.பி.எம்.மில் மட்டும் உயிர் வரும் இன்ஜின்களைக் கிளப்பக் கிளட்ச்சை நீண்ட நேரம் வழுக்கவிட வேண்டியிருக்கும். ஜிடி4-இன் கியர்களும் மிக நீளம். இரண்டாவது கியர் மட்டுமே மணிக்கு 135 கிலோமீட்டருக்கு மேல் போகும்.

லீவரின் கதை வேறு

பின்சக்கரங்களை இயக்கும், இன்ஜின் நீளவாக்கில் படுத்திருக்கும் கார்களில் லீவர் நேராகக் கியர்பாக்ஸின் தலையில் நிற்கிறது. மாஸ்டா எம்.எக்ஸ்-5, ஹோண்டா எஸ்2000, டொயோட்டா 86 எல்லாம் இந்த வகை. குறுக்காக இன்ஜின் வைத்த கார்களிலும் நடுவில் இன்ஜின் வைத்த கார்களிலும் பெரும்பாலும் கேபிள் வழியாகத்தான் கட்டளை போகும். புகழ்பெற்ற என்.ஏ. லீவர்கள் பல முதல் வகையிலும், பிரபலமான டர்போ ஹாட் ஹேட்ச்கள் (வேகமான சிறு கார்கள்) இரண்டாம் வகையிலும் இருப்பதால்தான் 'டர்போ லீவர் மோசம்' என்ற பெயர் நிலைத்தது.

எம்.எக்ஸ்-5-உம் ஃபியட் 124 ஸ்பைடரும் இதற்கு நல்ல சாட்சி. இரண்டும் ஹிரோஷிமாவில் ஒரே தளத்தின் மேல் உருவானவை. மாஸ்டாவின் 2.0 லிட்டர் என்.ஏ. 200 நியூட்டன் மீட்டர், ஃபியட்டின் 1.4 லிட்டர் டர்போ 240. மாஸ்டா தன் என்.டி. தலைமுறைக்கு எடை குறைத்த புதிய 6 ஸ்பீடு பெட்டியைச் செய்துகொண்டது. ஃபியட்டுக்குப் போனது முந்தைய என்.சி. தலைமுறையின் பெட்டி. இரண்டிலும் லீவர் பெட்டியின் மேல்தான் நிற்கிறது, இரண்டும் துல்லியமானவை. டார்க் ஏறும்போது லீவருக்கு நேர்வது இதுதான்: பல்சக்கரங்கள் தடிக்கின்றன, டிஸ்க் பெரிதாகிறது, கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ வளையங்கள் அடக்க வேண்டிய சுழலும் எடை கூடுகிறது. அதனால்தான் இரண்டாவது கியருக்குள் நுழையும்போது ஒரு தடுப்பு கைக்குத் தெரிகிறது. இரட்டைக் கூம்பு, மூன்று கூம்பு சின்க்ரோக்கள் அந்தத் தடுப்பைக் குறைக்கப் பிறந்தவை.

என்.ஏ.வில் லீவருக்கு வேலை அதிகம். எஸ்2000-இல் 9,000 ஆர்.பி.எம்.மில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் முள் 6,500-க்கு அருகில் வந்து நிற்கும். கியர் விகிதங்கள் 2.045, 1.481 என்று நெருக்கமாக இருப்பதே காரணம். அப்படியும், உயர் ஆர்.பி.எம்.மில் வால்வுத் திறப்பை மாற்றும் விடெக்கின் எல்லைக்கு மேலேயே நிற்கலாம். ஒவ்வொரு வளைவுக்கும் கை லீவருக்குப் போகும். டர்போவில் மூன்றாவது கியரிலேயே பாதி மலைப்பாதையை முடித்துவிடலாம். கியர் மாற்றுவதே இன்பம் என்று நினைப்பவருக்கு என்.ஏ.தான் பொருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஷார்ட் ஷிஃப்டர் வாங்குமுன் ஒரு கணக்கு: லீவரின் பயணத்தை 30 சதவீதம் குறைத்தால் கைவிசை சுமார் 1.4 மடங்காகும். எஸ்2000 போன்ற லேசான பெட்டியில் இது சுகம். கனமான சின்க்ரோ கொண்ட டர்போ பெட்டியில், குளிர்ந்த காலையில் இரண்டாவது கியரோடு மல்லுக்கட்ட நேரும். அங்கே கனமான நாப், புதிய கேபிள் புஷ், இறுக்கமான இன்ஜின் மவுண்ட் ஆகியவை அதிகப் பலன் தரும்.

எது முதலில் கெடும்?

டர்போவில் ஈ.சி.யூ. ரீமேப் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றுவது) செய்வதே கிளட்ச்சின் முதல் எதிரி. மென்பொருளில் கூட்டும் டார்க், ஒரிஜினல் கிளட்ச்சின் மிச்சத் தாங்குதிறனைத் தின்றுவிடும். நான்காவது கியரில் 2,000 ஆர்.பி.எம்.மிலிருந்து முழுதாக மிதியுங்கள். வேகமானி ஏறாமல் ஆர்.பி.எம். முள் மட்டும் துள்ளினால் கிளட்ச் வழுக்குகிறது. டர்போவில் இது உச்ச டார்க் வரும் 2,500 முதல் 4,000-க்குள் தெரியும். என்.ஏ.வில் டார்க் மேலே இருப்பதால் 4,500 தாண்டும் வரை பார்க்க வேண்டும்.

குறைந்த ஆர்.பி.எம்.மில் வரும் அதிர்வை அடக்க டர்போ கார்களில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்த இரண்டு பாகச் சக்கரம்) பரவலாக இருக்கிறது. அதன் ஸ்பிரிங்குகள் தளர்ந்தால் இன்ஜினை அணைக்கும்போது 'கடகட' என்று தட்டும். அதை எடுத்துவிட்டு லேசான ஒற்றை ஃப்ளைவீல் போட்டால் ஆர்.பி.எம். சட்டென்று ஏறி இறங்கும். நியூட்ரலில் கியர்பாக்ஸ் சலசலக்கும். என்.ஏ.வில் இந்த மாற்றத்தை நான் பரிந்துரைப்பேன், டர்போவில் தயங்குவேன்.

டர்போவின் சூடு, பக்கத்தில் ஓடும் கிளட்ச் குழாயையும் விட்டுவைக்காது. அதற்குள் இருக்கும் டாட் 4 திரவம் ஈரத்தை உறிஞ்சும். சூட்டில் ஆவிக்குமிழி வந்தால் பெடல் தொய்ந்து கிளட்ச் முழுதாக விலகாது, சின்க்ரோ தேயும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டிராக்கில் ஓட்டினால் ஆண்டுதோறும். கியர் ஆயிலில் ஜி.எல்.-4 தரம் கேட்கும் பெட்டிக்கு ஜி.எல்.-5 ஊற்றினால் பித்தளைச் சின்க்ரோக்களுக்குக் கேடு. லீவர் மரத்துப்போனதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

ஓட்டிப் பார்க்கப் போனால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே தொடங்குங்கள். ஐடிலிங்கில் பெடலை அடிவரை மிதித்து, ஐந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். உரசல் சத்தம் வரக்கூடாது. அரைமணி நேரம் நன்றாக ஓட்டிச் சூடேற்றியபின் அதையே மீண்டும் செய்யுங்கள். குளிரில் சுத்தமாக விழுந்த ரிவர்ஸ் சூட்டில் உரசினால், முதலில் திரவத்தை மாற்றிக் காற்றை வெளியேற்றிப் பாருங்கள். அப்போதும் உரசினால்தான் ஸ்லேவ் சிலிண்டரையும் டிஸ்க்கையும் சந்தேகிக்க வேண்டும்.