24சி256 மெமரி மொடியூல்: மலையகத்து மழைமானிக்குச் சரிவருமா?

நுவரெலியா, ஹட்டன் பக்கம் தோட்டங்களில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியோடு மழைமானி வைப்பவர்களுக்கு இந்தச் சின்ன மொடியூல் நல்ல துணை. கரண்ட் போனாலும் கணக்கு அழியாது. கொள்ளளவு 32 கிலோபைட்.

சிப் நல்லது, சிக்கல் எல்லாம் லினக்ஸ் ட்ரைவர் அமைப்பில்தான். கேர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில், இந்தச் சிப்பை இயக்கும் ஏடி24 ட்ரைவர் இருக்க வேண்டும். டிவைஸ் ட்ரீயில் (என்ன பாகம் இணைந்திருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் விவரத்தில்) வகை 24சி256, முகவரி ஹெக்ஸ் 50, பேஜ் அளவு (ஒரே தடவையில் எழுதக்கூடிய பைட் எண்ணிக்கை) 64 என்று கொடுங்கள். பேஜ் அளவை விட்டுவிட்டால் ட்ரைவர் 1 என்று எடுத்துக்கொண்டு பைட் பைட்டாக எழுதும். ஒவ்வொரு தடவை எழுதவும் 5 மில்லிசெக்கன் வரை போவதால் முழுச் சிப்பையும் நிரப்ப இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். 64 போட்டால் மூன்று செக்கன் போதும். வகையை 24சி02 என்று மாற்றிப் போடுவது அதைவிட மோசம்: அதற்கு முகவரி ஒரு பைட், இதற்கு இரண்டு. தரவு கண்ட இடத்தில் போய் விழும், பிழைச் செய்தியும் வராது.

5 வோல்ட் கொடுக்காதீர்கள். மொடியூலின் புல்-அப் ரெசிஸ்டர் (சிக்னல் வயரை மின்சப்ளையோடு இணைக்கும் ரெசிஸ்டர்) வழியாக அது ராஸ்பெரி பையின் இணைப்புப் பின்னுக்கு ஏறிவிடும், 3.3 வோல்ட் போதும். வாசிக்க முடிந்து எழுத மட்டும் முடியாவிட்டால் சிப்பின் ரைட் புரொடெக்ட் (எழுதுவதைத் தடுக்கும்) பின் கிரவுண்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே இடத்தில் நிமிடத்துக்கொருமுறை எழுதினால் பத்து லட்சம் தடவை எழுதலாம் என்ற சிப்பின் உத்தரவாதம் இரண்டு வருடத்துக்குள் தீரும். இடம் மாற்றி எழுதுங்கள். மூடுபனி ஈரத்துக்கு ஜம்பர் வயர் ஆகாது, ஈயம் வைத்து ஒட்டிவிடுங்கள்.