அன்ரியல் என்ஜினின் வளிமண்டலக் கருவி அப்புத்தளைக்குப் பொருந்துமா?

இலங்கையின் மலைநகரான அப்புத்தளையின் மலைவிளிம்பிலிருந்து தெற்குச் சமவெளியைப் பார்க்கும் காட்சியொன்றைக் கணினியில் அமைக்க விரும்புவோருக்கு, முப்பரிமாணக் காட்சிகளையும் விளையாட்டுகளையும் உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் என்ஜின் 5 இல் உள்ள ‘ஸ்கை அட்மோஸ்பியர்’ என்னும் வளிமண்டலக் கருவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். காற்று மூலக்கூறுகளால் ஒளி சிதறும் ரேலே சிதறலையும், தூசியாலும் நுண்துளிகளாலும் ஒளி சிதறும் மீ சிதறலையும் அது தனித்தனியே கணிப்பதால், தொலைமலைகளுக்கு நாமாக நீலம் பூச வேண்டியதில்லை. மாலை வெயிலில் அவை தாமாகவே நிறம் மாறுகின்றன.

ஆனால் உயரத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும். இயல்பான அமைப்பில், 1.2 கிலோமீற்றர் ஏறும்போது மீ சிதறலை உண்டாக்கும் தூசி, நுண்துளிப் படலத்தின் அடர்த்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. அப்புத்தளையோ 1,400 மீற்றருக்கு மேலே இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தைக் கடல்மட்டத்தில் வைத்துவிட்டால், கொழும்பின் மங்கலே மலைக்கும் வந்துசேரும்.

பிற்பகலில் கணவாய் வழியே ஏறிவரும் மூடுபனி வேறு விடயம். அன்ரியலின் மூடுபனிக் கருவியான ‘எக்ஸ்பொனென்ஷியல் ஹைட் ஃபாக்’ உயரத்தைக் கொண்டே அடர்த்தியைத் தீர்மானிப்பதால், ஒரு பள்ளத்தாக்கை நிரப்பி அடுத்ததைத் தெளிவாக விட்டுவைக்காது. அதற்கு வொல்யூமெட்ரிக், அதாவது முப்பரிமாணக் கனஅளவாகக் கணிக்கப்படும், பனிமூட்டத்தை இடம்பார்த்துச் சேர்க்க வேண்டும். அதுவோ வரைகலை அட்டையின் பொறுமையை நன்றாகவே சோதிக்கும்.