பெயர் எழுதாத வெள்ளை உறை: விடாத இருமலோடு அலைபவர்கள் கவனத்துக்கு

மலையகத்து டவுன் ஒன்றில் உள்ள தனியார் டிஸ்பென்சரி அது. வறட்டு இருமலோடு போன 56 வயது அம்மா ஒருவருக்கு 4 மாதத்தில் அங்கே கொடுத்த அண்டிபயோடிக் (கிருமிக்கொல்லி) மருந்துகள்: அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் 3 நாளுக்கு, அது கேட்கவில்லை என்று கோ-அமொக்சிக்ளாவ் ஒரு வாரத்துக்கு, அதுவும் கேட்காமல் லெவோஃப்ளொக்சசின். போகும்போதெல்லாம் ஒரு போத்தல் இருமல் பாணி, ஒரு தடவை நெபுலைசர், விட்டமின் மாத்திரை. ஒருமுறை போய் வந்தால் இரண்டு நாள் பேர் (நாட்கூலி) காசு கரைந்துவிடும். மாத்திரை வந்ததெல்லாம் "காலை 1, இரவு 1" என்று மட்டும் எழுதிய வெள்ளை உறையில். மிஞ்சிய மாத்திரைகளின் தகட்டை வேறொரு பாமசியில் காட்டிய பிறகுதான் அவற்றின் பெயரே தெரிந்தது.

அந்த 4 மாதமும் அங்கே யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "வேறு என்ன மருந்து குடிக்கிறீங்க?"

கேட்டிருந்தால் கிளினிக் கொப்பியை எடுத்துக் காட்டியிருப்பார். பிரஷருக்காக அரசாங்க வைத்தியசாலையில் கொடுத்த எனலாப்ரில் அதில் எழுதியிருக்கிறது. எனலாப்ரில், கப்டோப்ரில், லிசினோப்ரில், ரமிப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். இந்த மாத்திரை எந்த நொதியைத் தடுத்துப் பிரஷரைக் குறைக்கிறதோ, அதே நொதிதான் பிராடிகைனின் என்ற பொருளையும் உடலில் சிதைக்கிறது. நொதி வேலை செய்யாதபோது அந்தப் பொருள் மூச்சுக்குழாயில் சேர்ந்து தொண்டையை உறுத்திக்கொண்டே இருக்கும். சளி வராது, காய்ச்சல் இருக்காது, எக்ஸ்ரே படமும் சுத்தமாக இருக்கும். மாத்திரை தொடங்கிய வாரமே இருமல் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். அதனால்தான் "இவ்வளவு நாளாகக் குடிக்கிற மாத்திரைதானே" என்று யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. எத்தனை போத்தல் பாணி குடித்தாலும் இந்த இருமல் நிற்காது. கிளினிக்கில் சொன்னால் லொசார்டன் போன்ற வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார்கள். மாற்றிய பிறகு 1 முதல் 4 வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், சிலருக்கு 3 மாதம் வரை இழுக்கும். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிரஷர் ஏறிப் பக்கவாதம் வந்தால் அது இருமலைவிடப் பெரிய கேடு.

அந்த டிஸ்பென்சரி கொடுத்தவற்றில் எங்களை மிகவும் கோபப்படுத்தியது லெவோஃப்ளொக்சசின். மற்றவை வீண் செலவு. காய்ச்சல் இல்லாத வறட்டு இருமலுக்கு அசித்ரோமைசினால் பெரும்பாலும் பயன் இல்லை. மூச்சு இழுப்பு இல்லாதவருக்கு, மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோலை நெபுலைசரில் பிடித்தால் கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும்தான் மிச்சம். கோடீன் கலந்த பாணி தூங்க வைக்கும், மலச்சிக்கலைக் கொடுக்கும். ஆனால் லெவோஃப்ளொக்சசின், சிப்ரோஃப்ளொக்சசின் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கிவிடும். இருமுபவருக்கு உண்மையில் காசநோய் இருந்தால், அந்த மருந்து குடிக்கும் நாட்களில் கொஞ்சம் சுகமாகத் தெரியும், சளியில் கிருமி குறையும், பரிசோதனையும் "இல்லை" என்று வரலாம். நோயோ உள்ளே இருந்துகொண்டே இருக்கும். கிருமி அந்த மருந்துக்கு எதிர்ப்பையும் பழகிக்கொள்ளும். 10க்கு 12 அடிக் காம்பராவில் ஐந்தாறு பேர் படுத்தெழும்பும் லயத்தில், கண்டுபிடிக்கப்படாத ஒரு காசநோயாளி இருப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை யோசித்துப் பாருங்கள். சளிப் பரிசோதனைக்கு முன்னால் இந்த வகை மருந்தை யாராவது எழுதினால், "சளி பார்த்துவிட்டுக் குடிக்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

2 வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. பரிசோதனைக்கும் காசநோய் மருந்துக்கும் ஒரு சதம் கட்டணம் இல்லை. பரிசோதனை பிழைத்துப்போவது பெரும்பாலும் எச்சிலைக் கொடுப்பதால்தான். காலையில் எழும்பியவுடன், சாப்பிடுவதற்கு முன், வெறும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். வெளியே காற்றோட்டமான இடத்துக்குப் போய், இரண்டு தடவை ஆழமாக மூச்சிழுத்துக் கொஞ்சம் பிடித்து விடுங்கள். அடுத்த மூச்சில் நெஞ்சின் அடியிலிருந்து இருமி, வருவதைப் போத்தலில் துப்புங்கள். ஒரு தேக்கரண்டி அளவு, கெட்டியாக இருக்க வேண்டும். நுரைத்த தண்ணீர் மாதிரி இருந்தால் திரும்பவும் எடுங்கள். மூடியை இறுக்கி, வெயில் படாமல் வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். நோய் உறுதியானால் சிகிச்சை வழக்கமாக 6 மாதம். இரண்டாம் மாதம் உடம்பு தேறியதும் மருந்தை விடுவதுதான் நோய் திரும்பி வருவதற்கு வழி.

இனி, சம்பள நாளுக்குத் தோட்டத்து வாசலில் விற்கும் பொட்டலம். "மூலிகைத் தூள், இரண்டே நாளில் சளியும் இருமலும் நிற்கும்" என்பார்கள். பெயர், உற்பத்தி இலக்கம், காலாவதித் திகதி, பதிவு எதுவும் அதில் இருக்காது. மூலிகை இரண்டு நாளில் அப்படி வேலை செய்வதில்லை. அப்படிச் செய்தால் அதற்குள் டெக்ஸாமெதசோன், ப்ரெட்னிசொலோன் போன்ற ஸ்டெரொய்ட் அரைத்துக் கலந்திருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். குடித்த நாளிலிருந்து பசி கூடுவது, முகம் உப்புவது, தூக்கம் குறைவது, சீனி திடீரென ஏறுவது, பொட்டலம் முடிந்த சில நாளில் இருமல் முன்னைவிட மோசமாகத் திரும்புவது இதற்கு அடையாளங்கள். ஸ்டெரொய்ட் காசநோய்க்காரரின் காய்ச்சலை மறைத்து, பசியைத் தூண்டி, குணமானது போலக் காட்டும். அதே நேரம் நோயைப் பரவ விடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: 3 வாரத்துக்கு மேல் அந்தத் தூளைக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, பிரஷர் இறங்குதல் வரலாம். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டெரொய்டை அதற்குள் நிறுத்தியிருக்கும். மிச்சப் பொட்டலத்தை அடுப்பில் எறியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று சொல்லுங்கள். படிப்படியாகக் குறைப்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

"ஆஸ்துமா" என்று சொல்லிப் பம்ப் விற்பதிலும் ஏமாற வேண்டாம். மூச்சின் வேகத்தை அளக்கும் குழாயில் ஊத வைத்துப் பார்க்காமல் அப்படிச் சொன்னால், ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று தடவை ஊதி அதிகமான அளவை எடுத்து, சல்பியூட்டமோல் கொடுத்து 15 நிமிடம் கழித்துத் திரும்ப ஊத வேண்டும். அளவு நன்றாகக் கூடினால் ஆஸ்துமா என்பதற்கு அது வலுவான சான்று. ஆனால் சுகமாக இருக்கும் நாளில் ஊதினால் கூடாமலும் இருக்கலாம், அப்போது வேறொரு நாள் பார்க்க வேண்டும். கெப்சூல் வைத்து உறிஞ்சும் கருவி கிடைத்தால் எப்படி உறிஞ்சுவதென்று அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள். அந்தக் கெப்சூலை மாத்திரை என்று நினைத்து விழுங்கிவிடுபவர்கள் உண்டு. விழுங்கினால் மருந்து நெஞ்சுக்குப் போகாது.

புகையைப் பற்றியும் டிஸ்பென்சரியில் யாரும் கேட்பதில்லை. ஈரமான கவ்வாத்து விறகை (வெட்டிய தேயிலைக் கிளைகளை) ஜன்னல் இல்லாத குசினியில் எரித்தால், பீடி தொடாத பெண்ணுக்கும் பல வருடத்தில் நெஞ்சு கெட்டுப்போகும். கொழும்பில் மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்தபோது இருமல் குறைந்து, லயத்துக்கு வந்ததும் திரும்பியதா? அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். படுத்தவுடன் இருமலும் நெஞ்செரிச்சலும் சேர்ந்து வந்தால் இரைப்பை அமிலம் மேலே ஏறுகிறதா என்றும், மூக்கடைப்போடு தொண்டைக்குள் சளி வடிந்தால் மூக்கையும் பார்க்க வேண்டும். குழந்தை கச்சான் தின்றுகொண்டிருக்கையில் புரையேறி, அதிலிருந்து இருமல் தொடங்கியதென்றால் பாணி எதுவும் கொடுக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கோடீன் கலந்த பாணி கூடவே கூடாது.

சளியில் இரத்தம், மெலிவு, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மூச்சு வாங்குதல், குரல் கரகரப்பு இருந்தால் டிஸ்பென்சரி வேண்டாம், நேராக அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சு முட்டி நிலைமை மோசமானால் 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியைக் கூப்பிடுங்கள்.

எங்கே போனாலும் கிளினிக் கொப்பியையும் வீட்டில் குடிக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் கொண்டு போங்கள். உறையில் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதித் தரச் சொல்லுங்கள், பற்றுச்சீட்டையும் வாங்குங்கள். எக்ஸ்ரேக்குக் காசு கட்டியது நீங்கள்தான், படத்தை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். பெயர் எழுத மறுத்தால் காசு கொடுக்கு முன்பே எழும்பி வந்துவிடுங்கள். வைத்தியர் பதிவு பெற்றவரா என்று இலங்கை மருத்துவ சபையில் விசாரிக்கலாம். பொட்டலம் விற்பவர் வந்தால் உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அன்றைக்கே சொல்லுங்கள், முடிந்தால் வண்டி இலக்கத்தோடும் ஒரு பொட்டலத்தோடும். அடுத்த சம்பள நாளுக்கு அதே வண்டி பக்கத்துத் தோட்டத்தில் நிற்கும்.