செஸ் நேரலை: பார்வையாளர்கள் உண்மையில் எங்கிருந்து வருகிறார்கள்?

சில ஆண்டுகளாக ட்விட்ச் என்ற நேரலைத் தளத்திலும் யூடியூபிலும் செஸ் நேரலை நடத்தி வருகிறேன். பெரிய சேனல் இல்லை, இது என் பிழைப்பும் இல்லை. ஆனால் நான் வாய் திறக்காவிட்டாலும் சாட் தானாக ஓடும் அளவுக்கு ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்த மைக், எந்த கேமரா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கருவிகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நேரலையில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் புது ஆட்கள் வருவதில்லை. வந்தவர்களைத் தங்க வைப்பது நேரலை. வரவழைக்கும் வேலை வேறு இடத்தில் நடக்கிறது.

ட்விட்ச்சில் செஸ் பிரிவைத் திறந்து, பார்வையாளர் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் சேனல்கள் மேலே நிற்கும். மூன்று பேர் பார்க்கும் சேனலைக் கண்டுபிடிக்க விரல் வலிக்க உருட்ட வேண்டும். அந்த அடிவரிசையில் பத்து மணி நேரம் கிடந்தாலும் இரண்டு மணி நேரம் கிடந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ‘நேரத்தைக் கூட்டு, தானாக வளரும்’ என்ற அறிவுரை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. எனக்கு அது தூக்கத்தைக் குறைத்ததே தவிரக் கூட்டத்தைக் கூட்டவில்லை.

யூடியூபில் நிலைமை கொஞ்சம் வேறு. 12 மணி நேரத்துக்குள் முடிந்த நேரலை அப்படியே பதிவாகச் சேனலில் தங்கிவிடும், தேடலிலும் வரும். ஆனால் ‘இன்றைய பிளிட்ஸ்’ (சில நிமிடங்களில் முடியும் வேக ஆட்டம்) என்று தலைப்பிட்ட மூன்று மணி நேரப் பதிவை முன்பின் தெரியாத ஒருவர் எதற்காகத் திறக்கப் போகிறார்? அதிலிருந்து ஒரே ஒரு ஆட்டத்தை வெட்டி, ‘ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் இந்த யானை எண்ட்கேம் ஏன் டிரா ஆனது’ என்று, ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தைப் பற்றித் தலைப்பு வைத்தால் கதை மாறுகிறது. அந்தக் கேள்வி ஏற்கெனவே பலர் மனத்தில் இருக்கிறது. பல மாதங்கள் கழித்தும் அதைத் தேடி ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

ஷார்ட்ஸ் பற்றிப் பலரும் சொல்வதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ராணியைக் கொடுத்து மேட் செய்யும் அரை நிமிடத் துண்டு நன்றாக ஓடும், சந்தாதாரர் எண்ணிக்கையும் ஏறும். ஆனால் அப்படிச் சேர்ந்தவர்களில் நேரலைக்கு வந்து உட்கார்கிறவர்கள் கொஞ்சம்தான். அரை நிமிடத்துக்காக வந்தவரிடம் இரண்டு மணி நேரம் கேட்டால் எப்படி? பத்து நிமிடக் காணொளியைக் கடைசி வரை பார்த்தவர்தான் ஒரு நாள் நேரலையில் ‘உங்க அந்த எண்ட்கேம் வீடியோ பார்த்தேன்’ என்று எழுதுகிறார். அதனால் ஷார்ட்ஸை நான் விளம்பரப் பலகையாக மட்டும் வைத்திருக்கிறேன்.

செஸ் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. 2010 முதல் இயங்கும், இணையத்தில் செஸ் ஆடும் தளமான லிசெஸ் இலவசமானது, விளம்பரமும் இல்லாதது. அங்கே ஸ்ட்ரீமர் பக்கத்துக்கு விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கிவிட்டு, நேரலைத் தலைப்பில் தளத்தின் முகவரியையும் சேர்த்தால், அவர்களுடைய நேரலைப் பட்டியலில் நம் பெயர் தெரியும். அதைப் பார்த்து வருகிறவர் அந்த நொடியில் செஸ் ஆடிக்கொண்டிருப்பவர். பொதுப் பட்டியல் வழியாகத் தற்செயலாக நுழைகிறவரைவிட இவர் தங்குவதற்கான வாய்ப்பு பல மடங்கு அதிகம். உங்கள் துறை வேறாக இருந்தாலும் இதையே தேடுங்கள்: அந்தத் துறைக்காரர்கள் ஏற்கெனவே கூடியிருக்கும் இடம் எது என்று.

சரி, வந்தவர் மறுநாளும் வர என்ன காரணம்? என் ஆட்டத்திறனா என்றால் இல்லை. என்னைவிட நன்றாக ஆடும் கிராண்ட்மாஸ்டர்கள் அதே நேரத்தில் நேரலையில் இருக்கிறார்கள். எனக்குக் கைகொடுத்தது, பார்வையாளர்கள் அனுப்பும் ஆட்டங்களை எஞ்சின் (நல்ல நகர்வைக் கணித்துச் சொல்லும் செஸ் மென்பொருள்) உதவியில்லாமல் நேரலையில் அலசும் பகுதி. தன் ஆட்டம் இன்று வரலாம் என்பதால் ஒருவர் காத்திருக்கிறார். வந்துவிட்டால் நண்பர்களையும் கூப்பிடுகிறார். அடுத்தவர் ஆட்டத்தில் தன் பிழையே தெரிவதால் மற்றவர்களும் நகர்வதில்லை. இதோடு லிசெஸ்ஸில் அரீனா போட்டி (ஓர் ஆட்டம் முடிந்ததும் அடுத்தவரோடு ஆடிக்கொண்டே போகும் போட்டி) ஒன்றை நாமே உருவாக்கி எல்லோரையும் ஆட வைக்கலாம், அதற்குச் செலவே கிடையாது. பார்த்துக்கொண்டிருந்தவர் ஆட வந்துவிட்டால் அவரை இனி வெறும் பார்வையாளர் என்று சொல்ல முடியாது.

சாட்டைக் கையாள்வதில் செஸ்ஸுக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது யாராவது ‘குதிரையை அங்கே வை’ என்று எழுதிவிட்டால், அதைப் பார்த்து ஆடுவது விதிமீறல். ஆகவே நடப்பு ஆட்டத்துக்கு யோசனை சொல்லக் கூடாது என்பதைச் சாட்டைக் கண்காணிக்கும் மாடரேட்டர்கள் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள். யோசனை வரும்முன் நகர்வு முடிந்துவிடும்படி நேரலையைத் தாமதப்படுத்தி ஒளிபரப்பலாமே என்பார்கள். தாமதம் கூடினால் நான் கேட்கும் கேள்விக்கான பதில் அடுத்த ஆட்டத்தில்தான் வந்து சேரும், பேச்சு செத்துப்போகும். பிளிட்ஸ் போட்டி ஆடும் நாளில் மட்டும் தாமதம் வைக்கிறேன். அலசல் நாளில் யூடியூபில் மிகக் குறைந்த தாமத அமைப்பைத் தேர்ந்தெடுக்கிறேன்.

இன்னொன்று, பேசாமல் பார்க்கிறவர்களைப் பெயர் சொல்லி அழைக்காதீர்கள். ‘வாங்க, ஏன் பேச மாட்டேங்கிறீங்க?’ என்று கேட்டால் அடுத்த நொடி வெளியேறிவிடுவார்கள். சாட் காலியாக இருந்தாலும் என் யோசனையை உரக்கச் சொல்லிக்கொண்டே ஆடுவது என் வழக்கம். உள்ளே நுழைந்து முதல் பத்து நொடியில் மௌனத்தைக் கேட்டால் யாரும் நிற்க மாட்டார்கள்.

இப்போது கருவிகள். நேரலையை ஒளிபரப்பும் மென்பொருளான ஓ.பி.எஸ். ஸ்டூடியோ இலவசம், வேறெதற்கும் மாற வேண்டிய தேவை எனக்கு வந்ததே இல்லை. பணம் இருந்தால் முதலில் மைக்குக்குச் செலவிடுங்கள். படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் இரைந்தால் பொறுக்க மாட்டார்கள். வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறுங்கள்.

பிட்ரேட், அதாவது நொடிக்கு எவ்வளவு தரவு அனுப்புகிறோம் என்பது பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ட்விட்ச்சில் 1080பி தெளிவு, நொடிக்கு 60 ஃப்ரேமுக்கு 6000 கேபிபிஎஸ் (நொடிக்கு 6000 கிலோபிட்) என்ற பரிந்துரையைப் பார்த்து எல்லோரும் அதையே வைக்கிறார்கள். ஆனால் பார்ட்னர் (ட்விட்ச்சின் மேல்நிலைக் கூட்டாளி) அல்லாத சேனல்களுக்கு, பார்வையாளர் தரத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதி எப்போதும் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அது கிடைக்காத நேரத்தில் மொபைல் டேட்டாவில் பார்ப்பவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும், போய்விடுவார். செஸ் பலகைக்கு 60 ஃப்ரேம் எதற்கு? 720பி, 30 ஃப்ரேம், 3000 கேபிபிஎஸ் போதும். யூடியூபில் இந்தக் கவலை இல்லை, எல்லோருக்கும் பல தரங்களில் அதுவே மாற்றிக் கொடுக்கிறது. பின்னணி இசையை நான் முழுக்க நிறுத்திவிட்டேன். 2020-இல் இசைக்கான பதிப்புரிமைப் புகார்கள் குவிந்து, ட்விட்ச்சில் பலர் பழைய பதிவுகளை மொத்தமாக அழிக்க வேண்டியிருந்தது.

பண விஷயம் சுருக்கமாக. வருமானத்தில் பங்கு தரும் ட்விட்ச் அஃபிலியேட் திட்டத்தில் நான் சேர்ந்தபோது 50 ஃபாலோயர், 30 நாளில் 500 நிமிட நேரலை, அதுவும் 7 தனித்தனி நாட்களில், சராசரி 3 பார்வையாளர் தேவைப்பட்டது. கடைசி நிபந்தனைதான் இழுத்தடிக்கும். அதற்காகச் சிலர் ‘நீ என்னைத் தொடர், நான் உன்னைத் தொடர்கிறேன்’ என்று குழு சேர்கிறார்கள். அந்த எண்களில் ஒருவரும் செஸ் பார்க்க வரப்போவதில்லை. காசுக்கு வாங்கும் பார்வைகள் அதைவிட மோசம், சேனலே போய்விடலாம். யூடியூபில் சூப்பர் சாட் (பார்வையாளர் பணம் கொடுத்து அனுப்பும் செய்தி) வருமானத்தில் 70 சதவீதம் நமக்கு வரும். இரண்டிலும் சேர்த்து எனக்குக் கிடைப்பது இணையக் கட்டணத்தைக் கட்டப் போதும், அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

ஒரே தளத்தை நம்பாததற்குக் காரணம் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் நேரலைத் தளமான மிக்சர் 2020 ஜூலையில் மூடப்பட்டபோது, அங்கே சேர்த்த கூட்டத்தைப் பலர் மீண்டும் முதலிலிருந்து திரட்ட வேண்டியிருந்தது. 2023 அக்டோபரில் ட்விட்ச் மற்ற தளங்களிலும் ஒரே நேரத்தில் ஒளிபரப்ப அனுமதித்த பிறகு இரண்டிலும் சேர்ந்தே போகிறேன். வழக்கமாக வருகிறவர்களை டிஸ்கார்ட் என்ற உரையாடல் செயலியிலும் லிசெஸ் குழுவிலும் சேர்த்துவைத்திருக்கிறேன். அரீனா அறிவிப்பு அங்கேதான் முதலில் போகும்.

இப்போது நேரலை இரவுகளை முன்பைவிடக் குறைத்துவிட்டேன், கிழமையும் மணியும் மட்டும் மாறுவதில்லை. மிச்சமான இரவுகளில் பழைய பதிவுகளை வெட்டுகிறேன். சராசரிப் பார்வையாளர் எண்ணிக்கை இறங்கும் என்று நினைத்தேன், ஏறியது. அடுத்து, எண்ட்கேம் துண்டுகளை வரிசைப்படுத்தி ஒரு தொடராக்கும் வேலை பாதியில் நிற்கிறது.